ஈக்குத் தாகம் எடுக்குமா?

கோடையில் நாம் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பூச்சிகளைப் பற்றித்தான். நாம் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணி லாரிக்காக நிற்கும்போது, அதே ஈரத்தைத் தேடி ஈயும் தேனீயும் வருவதை நிறைய பேர் கவனித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்கப் பூச்சிகளின் தாகம்தான், நடுவில் ஒரே ஒரு மனிதர் வருவார்.

கேள்வி: காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்கிறேன். நெத்திலி, வாளை எது காயப்போட்டாலும் ஈ மொய்க்கும், அது தெரிந்ததுதான். ஆனால் வெயில் ஏறிய பிறகு அதே ஈக்கள் கருவாட்டை விட்டுவிட்டுக் கை கழுவும் பக்கெட்டின் விளிம்பிலும் ஈரச் சாக்கிலும் போய் உட்காருகின்றன. ஈக்கும் தாகம் எடுக்குமா? தாகம் என்று அதற்கு எப்படித் தெரியும்?
— வாசகி, காசிமேடு

எடுக்கும் அக்கா, நன்றாகவே எடுக்கும். உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானம் நானும் உட்கார்ந்து பார்த்தேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டம்ளரை எடுத்த இடத்தில் ஒரு ஈர வட்டம் இருந்தது. ஒரு ஈ வந்து இறங்கி, வட்டத்துக்கு வெளியே நின்று, முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, நாலு எட்டு நடந்தது. ஒரு கால் ஈரத்தில் பட்டதுதான் தாமதம், தலைக்கு அடியில் மடித்து வைத்திருந்த உறிஞ்சுகுழல் டக்கென்று கீழே இறங்கியது. அதன் நுனி பஞ்சு மாதிரி விரிந்து தரையில் ஒட்டிக்கொண்டது. ஏழெட்டு விநாடி அசையவே இல்லை. அப்புறம் குழலை மடித்துக்கொண்டு பறந்துவிட்டது.

கால் பட்டால் வாய் ஏன் இறங்குகிறது? ஈக்குக் காலும் ஒரு நாக்கு. காலின் நுனியிலும் வாயின் நுனியிலும் இருக்கிற மெல்லிய மயிர்களுக்குள் சுவை அறியும் நரம்பு செல்கள் இருக்கின்றன, இனிப்புக்கு ஒன்று, கசப்புக்கு ஒன்று என்று தனித்தனியாக. அதில் தண்ணீருக்கென்றே ஒரு செல் உண்டு. தண்ணீருக்குச் சுவையே இல்லை என்று நாம் சொல்கிறோம், ஈ அப்படிச் சொல்லாது. அமெரிக்காவில் பெர்க்லியில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டின் ஸ்காட் என்பவரின் ஆய்வுக்கூடம், பழ ஈயின் அந்த செல்லில் தண்ணீரை அடையாளம் காணும் புரதத்தை 2010-ல் கண்டுபிடித்தது. பிபிகே28 என்று அதற்குப் பெயர். எதுவும் கரையாத நல்ல தண்ணீர் பட்டால் அந்த செல் பலமாகத் துடிக்கும், அதாவது மின்துடிப்பாகச் செய்தி அனுப்பும், உப்போ சர்க்கரையோ கரைந்திருக்க இருக்கத் துடிப்பு குறையும். நம் பக்கத்து உப்பு போர் தண்ணீருக்கும் மெட்ரோ தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் ஈயின் காலுக்கே தெரிந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது தண்ணீர் என்று கால் சொல்லிவிட்டது. இப்போது குடிக்கவேண்டுமா வேண்டாமா என்று யார் முடிவு செய்வது? அதற்கு ஈயின் ரத்தத்தைப் பார்க்கவேண்டும். அது சிவப்பாக இருக்காது, நமக்கு இருப்பதுபோல நாளங்களுக்குள் அடைபட்டு ஓடுவதும் இல்லை. குடலும் தசையும் மூளையும் எல்லாமே அந்த நீரில்தான் நனைந்து கிடக்கின்றன. வெயிலில் உடம்பின் நீர் ஆவியாகிப் போகும்போது நீர் மட்டும்தான் போகிறது, உப்பும் சர்க்கரையும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. குழம்பு அடுப்பில் சுண்டினால் உப்புக் கரிக்குமே, அதேதான். சுண்டிப்போன ரத்தம்தான் தாகம்.

ரத்தம் அப்படிச் சுண்டுவதை அளக்கிற செல்களையும் பழ ஈயின் மூளையில் அதே ஆய்வுக்கூடம் 2016-ல் கண்டுபிடித்தது. ஈயின் உணவுக்குழாய் மூளையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அந்தத் துளைக்குக் கீழே இருக்கிற பகுதியில் நாலு செல்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் செல்கள் இருக்கிற மூளையில் வெறும் நாலு! இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இந்த நாலும் தாகத்தை மட்டும் பார்ப்பதில்லை, பசியையும் சேர்த்தே பார்க்கின்றன. ஈக்குச் சாப்பாடு இல்லாமல் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் ஏ.கே.எச். என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது வந்து தொட்டால் நாலு செல்லும் சுறுசுறுப்பாகத் துடிக்கும். துடித்தால் ஈ சர்க்கரையை அதிகம் சாப்பிடுகிறது, தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறது. ரத்தம் சுண்டினால் அதே நாலு செல்லும் அடங்கிவிடும். அடங்கினால் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, சர்க்கரையைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் ஊர் ஏலக்கூடத்தில் பழைய தட்டுத் தராசைப் பார்த்திருப்பீர்கள், ஒரு தட்டு ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆகவேண்டும். பசிக்கு ஒரு செல், தாகத்துக்கு வேறொரு செல் என்று இருந்திருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும், ஈ நடுவில் திண்டாடும். ஒரே இடத்தில் இரண்டையும் வைத்து நிறுத்தால் அந்தக் குழப்பம் இல்லை. இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது: சாப்பிட்டால் ரத்தம் கெட்டியாகும், தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையும் நீர்த்துப்போகும், ஆக ஒன்றைச் சரி செய்யப் போனால் இன்னொன்று நகரும். தனித்தனியாகப் பார்க்கவே முடியாத கணக்கு இது.

ரத்தம் கெட்டியா நீர்த்தா என்று அந்த செல்கள் அறிய உதவுகிற புரதத்துக்கு நான்சுங் என்று பெயர். கொரிய மொழியில் காது மந்தம் என்று அர்த்தம். அது இல்லாத ஈக்குக் காது கேட்காது என்றுதான் முதலில் கண்டுபிடித்தார்கள், அதனால் அந்தப் பெயர். காதில் ஒலி அறியவும் மூளையில் தாகம் அறியவும் ஒரே புரதம்.

நாலு செல்லை எண்ணிப் பார்த்தது பழ ஈயில்தான். உங்கள் கருவாட்டில் உட்காருவது வீட்டு ஈயும் நீல ஈயும். ஆனாலும் தண்ணீரைச் சுவை பார்க்கிற மயிர் நீல ஈயிடம் இருப்பது அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரியும். வேலைக்கு ஆகிற ஒரு விஷயம் சொல்கிறேன். ஈரச் சாக்கையும் பக்கெட்டையும் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்தால், சாப்பாடும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கிறது, ஈ அங்கேயே குடித்தனம் நடத்தும். பக்கெட்டை மூடி வையுங்கள், சாக்கைத் தள்ளிப் போடுங்கள், கருவாட்டின் மேல் வலை இருக்கட்டும்.

கேள்வி: ஈயின் மூளை கடுகை விடச் சின்னது. அதற்குள் எந்த செல் என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எனக்கு இதைப் படிக்க ஆசை.
— பிளஸ் டூ மாணவர், கொருக்குப்பேட்டை

கடுகு பெரிசு தம்பி, பழ ஈயின் மூளைக்குக் கசகசா சரியான அளவு.

வழி இதுதான். ஒவ்வொரு வகை செல்லிலும் எந்தெந்த மரபணு விழித்திருக்கிறது என்பது வேறுபடும். அதைப் பிடித்துக்கொண்டு, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு மரபணு ஸ்விட்சை வைத்து, நமக்கு வேண்டிய செல்லில் மட்டும் நாம் விரும்பிய புரதத்தை உண்டாக்கலாம். இந்த முறை 1993-ல் வந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்று இந்தத் துறையையே இரண்டாகப் பிரிக்கலாம். என்ன புரதம் வைப்பது என்பது நம் கேள்வியைப் பொறுத்தது. செல் துடிக்கும்போது பார்க்க வேண்டுமா? ஜெல்லி மீனின் ஒளிரும் புரதத்திலிருந்து செய்த ஒன்றை வைத்தால், செல் துடிக்கத் துடிக்க மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அது பச்சையாக மின்னும். நாமே செல்லைத் துடிக்க வைக்க வேண்டுமா? ஒளி பட்டால் திறக்கிற ஒரு புரதம் பாசியில் இருக்கிறது, அதை வைத்து விளக்கைப் போட்டால் போதும். இல்லை, செல்லை வாயடைத்து வைக்க வேண்டுமா? அதற்கும் புரதம் உண்டு. துடிக்க வைத்தால் ஈ சர்க்கரை பக்கம் போகிறது, வாயடைத்தால் தண்ணீர் பக்கம் போகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் அந்த செல்தான் இந்த வேலையைச் செய்கிறது என்று சொல்ல முடியும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது, பரீட்சைக்கு இதை மனதில் வைத்துக்கொள்.

செல்லைப் பார்ப்பது ஒரு பக்கம், ஈ என்ன செய்கிறது என்று பார்ப்பது இன்னொரு பக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் 2014-ல் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. வயிறு நிறையத் தண்ணீர் குடித்த பழ ஈ, ஈரக் காற்று வருகிற பக்கம் போகாமல் விலகிப் போகிறது. தாகத்தில் இருக்கிற ஈ அதே ஈரக் காற்றை நோக்கிப் போகிறது. காற்று அதேதான், மூக்கு அதேதான், விருப்பம் மட்டும் மாறிவிட்டது. தாகமெடுத்த ஈக்கு ஒரு வாசனையைக் காட்டி அதோடு தண்ணீரும் கொடுத்தால் அந்த வாசனையை நினைவில் வைத்துக்கொள்கிறது, அதற்கு டோபமின் என்ற மூளை ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் வேண்டும். அப்புறம் தண்ணீர் கொடுத்துத் தாகத்தைத் தீர்த்துவிட்டால் அந்த வாசனையைத் தேடிப் போவதில்லை. தாகம் வந்தால்தான் தண்ணீர் இருந்த இடத்தின் நினைவுக்கு வேலை.

இப்போது இந்தத் துறையில் இருப்பவர்களிடம் ஒரு பெரிய வரைபடம் இருக்கிறது. ஒரு பெண் பழ ஈயின் மூளையை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாக வெட்டி, எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, கணினியும் மனிதர்களும் சேர்ந்து ஒவ்வொரு செல்லின் இழையையும் தொடர்ந்து போய், 2024 அக்டோபரில் முழுசாக வெளியிட்டார்கள். 1,39,255 நரம்பு செல்கள், 5 கோடிக்கும் மேல் இணைப்புகள். விஞ்ஞானி இல்லாத சாதாரண ஆர்வலர்களும் வீட்டிலிருந்தே அதில் திருத்தம் செய்து உதவினார்கள். இந்த வரைபடம் உருவாகிக்கொண்டிருந்தபோதே, பசியையும் தாகத்தையும் நிறுக்கிற நாலு செல்களின் இழைகள் எங்கே போகின்றன என்று ஸ்காட்டின் குழு தொடர்ந்து போய்ப் பார்த்தது. இன்சுலின் சுரக்கும் செல்கள் வரை செய்தி போகிறது. இன்சுலின் ஈக்கும் உண்டு, தெரியுமா?

படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறாய், அதனால் ஒன்று சொல்கிறேன். இதற்கு உயிரியல் மட்டும் போதாது, கணக்கும் கணினியும் சேர்த்துப் பிடித்துக்கொள். இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் ஒரு கண்ணாடி பாட்டிலில் கனிந்த வாழைப்பழத் துண்டு போட்டு ஜன்னல் ஓரம் வை. இரண்டு நாளில் பழ ஈ வரும். பாட்டிலின் வாயில் மெல்லிய துணி கட்டி, ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார். எழுதி வை, நேரத்தோடு எழுதி வை.

கேள்வி: எங்கள் வீடு கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் பக்கத்தில். மழையே இல்லாத மே மாதத்தில் கொசுக்கடி கூடுகிறது. கொசு தாகத்துக்காகவா ரத்தம் குடிக்கிறது?
— வாசகர், வியாசர்பாடி

ரத்தம் முதலில் முட்டைக்காகத்தான். கடிப்பது பெண் கொசு மட்டும், முட்டை வளர அதற்குப் புரதம் வேண்டும். அன்றாடப் பசிக்கு ஆண், பெண் இரண்டும் பூவின் தேனையும் செடிச் சாறையும்தான் குடிக்கின்றன. கோடையில் உங்கள் பக்கம் கொசு குறையாததற்கு முதல் காரணம் கால்வாய். ஓட்டம் நின்று சாக்கடை கெட்டியாகத் தேங்கினால் க்யூலெக்ஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மழை வந்தால்கூட அடித்துக்கொண்டு போகும், மே மாதத்தில் அதுவும் இல்லை.

ஆனால் தாகத்துக்கும் பங்கு உண்டு, நீங்கள் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியான ஆய்வில், காய்ந்த காற்றில் தண்ணீர் இல்லாமல் வைத்திருந்த க்யூலெக்ஸ் கொசுக்கள் அதிகம் அலைந்தன, அதிகம் ரத்தம் குடித்தன. வறட்சிக் காலத்தில் கொசுவால் பரவும் சில நோய்கள் ஏன் குறையாமல் இருக்கின்றன என்பதற்கு இது ஒரு விளக்கம். ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தானே, வறண்டுபோன கொசுவுக்கு நம் கை ஒரு குழாய்.

எப்போது நிறுத்துவது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? வயிறு விரிவதை உணர்கிற நரம்புகள் வயிற்றில் இருக்கின்றன, அவை 'போதும்' என்று மேலே செய்தி அனுப்புகின்றன. ராபர்ட் குவாட்ஸ் என்ற ஆய்வாளர் 1969-ல் அந்தச் செய்தி போகிற நரம்புத் தண்டை வெட்டிப் பார்த்தார். கொசு நிறுத்தவே இல்லை, தன் எடையைப் போல இரண்டு மடங்கு மூன்று மடங்கு என்று வழக்கமாகக் குடிப்பதையும் தாண்டிக் குடித்துக்கொண்டே போய், வயிறு வெடித்தது. வெடித்த பிறகும் சில உறிஞ்சிக்கொண்டிருந்தன. தாகம் தொடங்குவதற்கு ஒரு ஏற்பாடு எவ்வளவு முக்கியமோ, நிற்பதற்கான ஏற்பாடும் அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் உறைத்தது.

இன்னொன்றும் பாருங்கள். அடுத்த முறை கையில் உட்கார்ந்த கொசுவை அடிக்காமல் ஒரு நிமிஷம் பொறுத்தால், குடிக்கும்போதே பின்பக்கம் சின்னச் சொட்டு வெளியே வருவது தெரியும். வேண்டாத நீரையும் உப்பையும் குடித்துக்கொண்டே கழிக்கிறது, இல்லையென்றால் அந்தக் கனத்தோடு பறக்க முடியாது. பூச்சிகளுக்கு நம்மைப் போல சிறுநீரகம் கிடையாது, குடலோடு ஒட்டிய மெல்லிய குழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன, அவற்றுக்கு உத்தரவு மூளையிலிருந்தும் நரம்புகளிலிருந்தும் ஹார்மோனாக வருகிறது. (சொட்டைப் பார்த்த பிறகு தாராளமாக அடித்துவிடுங்கள். டிரம், சின்டெக்ஸ் தொட்டி, சம்ப் எல்லாம் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள், டெங்கு கொசு சாக்கடைக்குப் போகாது, நாம் சேர்த்து வைக்கிற நல்ல தண்ணீருக்குத்தான் வரும்.)

கேள்வி: ராத்திரி விளக்கைப் போட்டால் கரப்பான்பூச்சி சமையல் மேடையை விடக் கழுவுகிற தொட்டியில்தான் அதிகம். சாப்பாடு அங்கே இல்லையே?
— வாசகி, ராயபுரம்

தண்ணீர் இருக்கிறதே. கரப்பான் சோறு இல்லாமல் தாங்குகிற நாளை விடத் தண்ணீர் இல்லாமல் தாங்குகிற நாள் மிகக் குறைவு. படுக்கப் போகும்முன் தொட்டியைத் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள், சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், ஈரத் துணியைத் தொட்டி ஓரத்தில் போட்டுவைக்காதீர்கள். மருந்து அடிப்பதற்கு முன்னால் இதை ஒரு வாரம் செய்து பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: என் பாட்டி துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்துத்தான் பானையில் போடுவார், வண்டு விழாது என்பார். மண்ணில் அப்படி என்ன மருந்து இருக்கிறது?
— வாசகர், பெரம்பூர்

மருந்து எதுவும் வேண்டாம், தாகமே போதும். பூச்சி சின்ன உயிர். சின்ன உடம்புக்குள் இருக்கிற நீர் கொஞ்சம், ஆனால் அந்த நீரோடு ஒப்பிட்டால் வெளித்தோலின் பரப்பு மிக அதிகம், ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, அதே தண்ணீர் குடத்தில் எத்தனை நாள் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அப்படிக் காய்ந்துபோகாமல் காப்பது பூச்சியின் தோல்மேல் இருக்கிற மெல்லிய மெழுகுப் படலம். மண்தூள், சாம்பல்தூள் மாதிரி நுண்ணிய, காய்ந்த தூளில் பூச்சி நடந்தால் அந்த மெழுகு உரசிப் போய்விடும், அல்லது தூள் மெழுகை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் அது நீரைப் பிடித்து வைக்க முடியாமல் வறண்டே செத்துப்போகும். பூச்சி உடலியலின் பெரிய அறிஞரான விக்கில்ஸ்வொர்த் 1944-ல் இதைச் சோதித்து எழுதினார். காய்ந்த பருப்புக்குள் இருக்கிற வண்டுக்குக் குடிக்க வேறு தண்ணீர் ஏது? மூளை எவ்வளவுதான் தாகம் தாகம் என்று சொன்னாலும் போக இடமில்லை. உங்கள் பாட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகுதான் பானையில் போட்டிருப்பார், அதுவும் இதில் பாதி. ஈரம் இருந்தால் மண் வேலை செய்யாது.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. இந்த வெயிலிலும் 'தாகமே இல்லை' என்று ஒரு நாளைக்கு மூன்று டம்ளர்கூடக் குடிப்பதில்லை. தாகம் இல்லையென்றால் உடம்புக்குத் தேவையில்லை என்றுதானே அர்த்தம்?
— வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

இல்லை அம்மா, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பூச்சிகளுக்கு நடுவில் இந்தக் கடிதத்தை வைத்ததற்குக் காரணமே, இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

நமக்கும் ரத்தம் சுண்டுவதை அளக்கிற செல்கள் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் பக்கம் இருக்கின்றன. ரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கூடினாலே தாகம் வரவேண்டும். ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் என்பவர் 1950-களில் ஆடுகளின் மூளையில் அந்த இடத்தில் துளி உப்புநீர் செலுத்தினார், தாகமே இல்லாத ஆடு உடனே குடிக்க ஆரம்பித்தது. அந்த அளவுக்கு நுட்பமான இடம். வயதாக ஆக அந்த உணர்வு மங்கிவிடுகிறது. ரத்தம் சுண்டியிருக்கும், செய்தி மேலே வராது. அப்பா பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தாகம் தெரியவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். குடித்த தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர நிமிஷக்கணக்கில் ஆகும், ஆனால் இரண்டு மடக்கு குடித்தவுடனேயே தாகம் தணிந்த மாதிரி இருக்கிறது. எலிகளில் 2016-ல் பார்த்தார்கள்: நாக்கு தண்ணீரில் பட்ட ஒரு நிமிஷத்துக்குள், ரத்தம் மாறுவதற்கு முன்பே தாக செல்கள் அடங்கிவிடுகின்றன. வரப்போவதை முன்கூட்டியே கணக்குப் போட்டு அடங்குகின்றன. நல்ல ஏற்பாடுதான், இல்லையென்றால் நாமும் அந்தக் கொசு மாதிரி குடித்துக்கொண்டே இருப்போம். ஆனால் ஏற்கெனவே மங்கிய தாகம் இரண்டு மடக்கில் அணைந்துவிட்டால் டம்ளர் பாதியிலேயே நிற்கும்.

அதனால் தாகத்தை நம்பாதீர்கள், கடிகாரத்தை நம்புங்கள். காலையில் எழுந்ததும், டிபனோடு, பதினோரு மணிக்கு மோர், சாப்பாட்டோடு, நாலு மணிக்கு என்று நேரம் வைத்துக் கையில் கொடுங்கள். இதயம், சிறுநீரகம் தொடர்பாக டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் மஞ்சளாகக் கெட்டியாகப் போனாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்கவேண்டாம், உடனே காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வராத நேரத்திலும் அதன் அடியில் இருக்கிற பாசி படிந்த ஈரத்தில் தேனீக்கள் பத்து இருபது வந்து உட்கார்ந்திருக்கும். குடம் வைக்கிற பெண்களைக் கொட்டிவிடுகிறது. மேல்நிலைத் தொட்டியில் கூடு இருக்கிறது. என்ன செய்யலாம்? ஒவ்வொரு தேனீக்கும் அவ்வளவு தாகமா?
— வாசகர், திருவொற்றியூர்

அந்த இருபது தேனீயில் தன் தாகத்துக்கு வந்தவை குறைவு. அவை கூட்டின் தாகத்துக்கு வந்தவை. எனக்கு இந்தக் கடிதங்களிலேயே மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

கூட்டுக்குத் தண்ணீர் இரண்டு காரணத்துக்கு வேண்டும், புழுக்களுக்கு ஊட்டுகிற கூழைக் கரைக்க, அப்புறம் கூட்டைக் குளிர்விக்க. வெயில் ஏறினால் தேனீக்கள் சின்னச் சின்னச் சொட்டாக அடைகளில் தண்ணீரைத் தடவி, இறக்கையால் விசிறி ஆவியாக்குகின்றன. நம் வீட்டில் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுப்போமே, அதேதான்.

சரி, தண்ணீர் கொண்டுவரும் தேனீ வெளியில் இருக்கிறது, சூடு கூட்டுக்குள் இருக்கிறது. போதுமா, இன்னும் வேண்டுமா என்று அதற்கு யார் சொல்வது? ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டாவர் 1950-களில் இதை உட்கார்ந்து கவனித்தார். தண்ணீர்க்காரத் தேனீ வயிற்றில் நிரப்பிக்கொண்டு கூட்டு வாசலுக்கு வருகிறது, உள்ளே இருக்கிற தேனீக்கள் வாயோடு வாய் வைத்து வாங்கிக்கொள்கின்றன. கூட்டுக்கு அவசரத் தேவை என்றால் இரண்டு மூன்று பேர் ஓடி வந்து உடனே வாங்கிவிடுவார்கள். தேவையில்லை என்றால் ஆள் கிடைக்காமல் அது அலைய வேண்டியிருக்கும். எவ்வளவு சீக்கிரம் சுமை இறங்குகிறது என்பதை வைத்தே அது அடுத்த நடைக்குப் போவதா நிற்பதா என்று முடிவு செய்கிறது. பழ ஈயின் மூளையில் நாலு செல் செய்கிற நிறுவையை இங்கே ஒரு கூட்டமே வாசலில் நின்று செய்கிறது.

பாசி படிந்த ஈரத்துக்கு வருவதும் காரணமாகத்தான். தேனீக்குச் சுத்தமான தண்ணீரை விட, உப்பும் தாதுவும் கொஞ்சம் கலந்த, வாசனையுள்ள தண்ணீரைக் கண்டுபிடிப்பது சுலபம், பிடிக்கவும் செய்யும்.

செய்யவேண்டியது இது. கூட்டுக்குப் புகை போடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எதுவும் வேண்டாம், கூட்டமாக இறங்கிவிட்டால் தெருவே தாங்காது. கூட்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். குழாயடியைத் தினமும் தேய்த்துக் கழுவிக் காயவிடச் சொல்லுங்கள், வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதே நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத சுவரோரம் அகலமான மண்தட்டில் கூழாங்கல் போட்டு, கல்லின் தலை நனையாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கல் இல்லையென்றால் தேனீ மூழ்கிவிடும். ஒரு சிட்டிகை உப்பு போடலாம், அதற்கு மேல் வேண்டாம். ஓர் இடத்துக்குப் பழகிய தேனீ லேசில் இடம் மாறாது, அதனால் முதல் வாரம் குழாயடிக்கும் தட்டுக்கும் மாறி மாறி வரும். அந்த வாரம் முழுக்கத் தட்டு ஒரு நாள்கூடக் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் பிப்ரவரி கடைசியிலேயே, அவை குழாயடியைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால், தட்டை வைத்துவிடுங்கள்.